கணினி நீர்க்குளிர்விப்பு: ஆயத்தத் தொகுதியும் தனியமைப்புச் சுற்றும்

கணினி நீர்க்குளிர்விப்பு என்பது கணினியின் செயலி, வரைகலை அட்டை முதலிய பகுதிகளில் தோன்றும் வெப்பத்தை, அவற்றின் மேல் பொருத்தப்பட்ட உலோகத் தகட்டினூடே ஓடும் நீர்மத்தைக் கொண்டு வெளியேற்றும் முறை ஆகும். மேசைக் கணினிகளில் இது இரு வடிவங்களில் வழங்குகிறது. ஆலையிலேயே நீர்மம் நிரப்பி மூடப்பட்டு, வாங்கியவுடன் பொருத்தக்கூடிய நிலையில் விற்கப்படுவது ஆயத்தத் தொகுதி ஆகும். இது வணிக வழக்கில் "ஆல்-இன்-ஒன்" என்றும், சுருக்கமாக "ஏஐஓ" என்றும் அழைக்கப்படுகிறது. எக்கி (பம்பு), தொட்டி, குழாய்கள், ரேடியேட்டர் ஆகியவற்றைத் தனித்தனியே தெரிந்து வாங்கி, பயனரே இணைத்து நீர்மம் நிரப்பிக் கொள்வது தனியமைப்புச் சுற்று ஆகும். இது "கஸ்டம் லூப்" எனப்படுகிறது.

இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு ஆயத்த ஆடைக்கும் அளவெடுத்துத் தைத்த ஆடைக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது எனலாம். ஆனால் தையல் பிசகினால் துணி மட்டுமே வீணாகும். நீர்க்குளிர்விப்பு பிசகினால் அதன் கீழுள்ள தாய்ப்பலகையும் வரைகலை அட்டையும் வீணாகக்கூடும். இரண்டில் எது மிகுதியாகக் குளிர்விக்கும் என்ற வினாவே பெரிதும் கேட்கப்படுகிறது. எந்தச் சில்லைக் குளிர்விக்க வேண்டும், பின்னர் அதனை யார் பராமரிக்கப் போகிறார் என்பவை தெரியாமல் அவ்வினாவுக்கு விடை கூற இயலாது.

நீர் ஏன் பயன்படுகிறது

ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோயூல் ஆற்றல் தேவை. அதே அளவு காற்றுக்கு ஏறத்தாழ 1 கிலோயூல் போதும். நீர் காற்றைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது என்பதால், கன அளவின்படி ஒப்பிட்டால் நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. நீரின் வெப்பக் கடத்துதிறனும் காற்றினுடையதைப் போல் இருபது மடங்குக்கு மேற்பட்டது.

இவ்வெண்களைக் கண்டு, நீர்க்குளிர்விப்பு காற்றுக் குளிர்விப்பைவிடப் பல மடங்கு சிறந்தது என்று முடிவு செய்வது தவறாகும். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்கிறது. கொண்டு சென்ற வெப்பத்தை இறுதியில் ஏற்றுக்கொள்வது அறையிலுள்ள காற்றே. ஆகவே நீர்க்குளிர்விப்பி எனப்படுவதும் ஒருவகையில் காற்றுக் குளிர்விப்பியே. சில்லுக்கு மேலேயே காற்றை ஊதுவதற்கு மாறாக, இடம் மிகுந்த மற்றொரு பகுதியில், பெரிய பரப்பின்மீது காற்றை ஊத அது வழிசெய்கிறது. அதன் பயன் இவ்வளவே, ஆனால் இது சிறிய பயன் அன்று.

இதன் விளைவாக, சாதாரண நீர்க்குளிர்விப்பு எதுவும் சில்லை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டு செல்ல இயலாது. கோடையில் 35 பாகையில் உள்ள சென்னை அறையொன்றில் இயங்கும் கணினி, 20 பாகை அறையில் இயங்கும் அதே கணினியைவிட ஏறத்தாழ 15 பாகை மிகுந்த சூட்டிலேயே இயங்கும். குளிர்பதனக் கருவி கொண்டு நீரையே குளிர வைத்தால் இத்தடையைக் கடக்கலாம். ஆனால் அப்பொழுது, ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் குளிர்ந்த நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போல, குழாய்களின் மேலும் தகட்டின் மேலும் நீர் படியும்.

வெப்பம் செல்லும் வழி

சில்லில் தோன்றும் வெப்பம் காற்றைச் சென்றடைய மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, சில்லிலிருந்து அதன் உலோக மூடி, வெப்பப் பசை, செப்புக் குளிர்த்தகடு ஆகியவற்றின் வழியாக நீர்மத்துக்குச் செல்லும் கட்டம். இரண்டாவது, நீர்மம் அதனைச் சுமந்து செல்லும் கட்டம். மூன்றாவது, ரேடியேட்டரில் நீர்மத்திலிருந்து காற்றுக்குச் செல்லும் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் சில பாகைகள் இழக்கப்படுகின்றன. எக்கட்டத்தில் இழப்பு மிகுதியோ அக்கட்டத்தைச் சீர்செய்தால் மட்டுமே குறிப்பிடத்தக்க பயன் கிட்டும்.

இரண்டாம் கட்டத்தின் இழப்பு பலரும் கருதுவதைவிடச் சிறியது. நிமிடத்திற்கு ஒரு லிட்டர் என்ற மெதுவான ஓட்டத்திலேயே, ஒவ்வொரு 70 வாட்டுக்கும் நீர்மம் ஏறத்தாழ ஒரு பாகை மட்டுமே சூடேறும். 230 வாட் செயலியைக் கடந்து வரும் நீர்மம், உட்சென்றபோது இருந்ததைவிட 3.3 பாகை கூடுதலாக இருக்கும். நிமிடத்திற்கு நான்கு லிட்டர் ஓடினால் அவ்வேறுபாடு ஒரு பாகைக்கும் கீழே குறையும். எனவே ரேடியேட்டர், செயலி, வரைகலை அட்டை ஆகியவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்பது வெப்பநிலையைப் பெரிதும் மாற்றுவதில்லை. தொட்டி எக்கிக்கு நேர் முன்னதாகவும், அதைவிட உயரத்திலும் அமைய வேண்டும் என்பதே வரிசையைப் பற்றிய முதன்மையான விதியாகும். நீர் மெதுவாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர்வதற்கு "நேரம் கிடைக்கும்" என்ற பரவலான கருத்தும் சரியன்று. அதே நீர் சில்லின் மேலும் அதே அளவு மெதுவாகவே ஓடுகிறது என்பதை அக்கருத்து மறந்துவிடுகிறது.

மூன்றாம் கட்டம் ரேடியேட்டரின் பரப்பையும் விசிறிகளின் வேகத்தையும் பொறுத்தது. ரேடியேட்டர்கள் விசிறிகளின் அளவைக் கொண்டே பெயரிடப்படுகின்றன. 120 மிமீ விசிறிகள் இரண்டு கொண்டது 240, மூன்று கொண்டது 360. 140 மிமீ விசிறிகளுக்கு இவை முறையே 280, 420 என அமையும். நீர்மம் அறைக் காற்றைவிட 10 பாகை கூடுதலாக இருக்கையில், மிதமான விசிறி வேகத்தில் ஒவ்வொரு 120 மிமீ பகுதியும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பது அமைப்போரிடையே வழங்கும் தோராயக் கணக்கு. ரேடியேட்டரின் தடிமனும் விசிறியின் தரமும் இதனைக் கூட்டியும் குறைத்தும் காட்டும்.

முதற்கட்டம் சில்லுக்குச் சில்லு பெரிதும் மாறுபடுகிறது. ஏஎம்டி நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ் செயலி, ஏறத்தாழ 230 வாட் வரை மின்திறனைப் பயன்படுத்துகிறது. இதில் பெரும்பகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சதுர மிமீ பரப்புள்ள இரு சிறு சில்லுகளில் வெப்பமாகிறது. அதே ஆண்டில் வெளிவந்த என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டை 450 வாட் பயன்படுத்துகிறது. ஆனால் அதன் சில்லின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர மிமீ. மேலும் அந்த 450 வாட்டில் ஒரு பகுதி நினைவகத்திலும் மின்னழுத்தச் சீராக்கிகளிலும் பிரிந்து செல்கிறது. இரு மடங்கு வெப்பம் கக்கும் வரைகலைச் சில்லில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு உரிய வெப்பம் செயலியில் உள்ளதில் ஏறத்தாழ பாதியே ஆகிறது.

இச்செயலியின் வெப்பம் ஒரு சிறு புள்ளியிலிருந்து தடித்த மூடியினூடே வெளியேற வேண்டியிருப்பதால், பெரும்பகுதி பாகைகள் நீர்மத்தை அடையுமுன்னரே இழக்கப்படுகின்றன. நல்ல ஆயத்தத் தொகுதியை எடுத்துவிட்டு இரு மடங்கு ரேடியேட்டர் கொண்ட தனியமைப்புச் சுற்றைப் பொருத்தினாலும், செயலியின் வெப்பநிலை சில பாகைகளே குறையும். நீர்மம் 40 பாகையிலிருந்து 35 பாகைக்குக் குறைந்தால் சில்லும் ஏறத்தாழ அந்த ஐந்து பாகைகளே குறையும். அதற்குமேல் குறைய வழியில்லை. முழுச் சுமையில் 95 பாகை வரை செல்வது இச்செயலியின் வடிவமைப்பிலேயே உள்ள இயல்பு என ஏஎம்டி நிறுவனமும் வெளியீட்டின்போது தெரிவித்தது. கூடுதல் குளிர்விப்பு கிடைத்தால் இத்தகைய செயலி அதனைப் பயன்படுத்திச் சற்றே விரைவாக ஓடும். வெப்பநிலைமானியில் காணும் எண் பெரிதும் மாறாமலிருப்பது இதனாலேயே.

வரைகலை அட்டையின் நிலை வேறு. அதன் சில்லு உலோக மூடியின்றித் திறந்திருப்பதால் குளிர்த்தகடு நேரடியாக அதன்மேல் அமர்கிறது. பரப்பும் மிகுதி. எனவே அதற்கும் நீர்மத்துக்கும் இடையேயான வேறுபாடு சிறிதாகவே இருக்கும். காற்றில் 65 முதல் 70 பாகையில் இயங்கும் பெரிய அட்டை, போதிய ரேடியேட்டர் கொண்ட நீர்ச்சுற்றில் 50 பாகையை ஒட்டி இயங்குவது இயல்பு. தனியமைப்புச் சுற்றின் உண்மையான ஆதாயம் செயலியைவிட வரைகலை அட்டையிலேயே மிகுதியாகத் தென்படுகிறது.

வரலாறு

நீரால் கணினியைக் குளிர்விப்பது ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி அன்று. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாதிரி 91 போன்ற பெருங்கணினிகளில் நீர் பயன்பட்டது. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 கணினியில், நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளை ஒரே பெட்டகத்தில் அடக்கி, அதன்மேல் நீரால் குளிரும் தகட்டைப் பொருத்தினர். பின்னர் மின்சாரம் குறைவாகச் செலவிடும் சீமாஸ் சில்லுகள் பெருங்கணினிகளுக்கு வந்தபோது, நீர் சிலகாலம் தேவையற்றதாயிற்று. சில்லுகளின் மின்திறன் மீண்டும் உயர்ந்தபின் நீரும் மீண்டது.

தனியாள் கணினிகளில் இம்முறை 1990களின் இறுதியில் பரவத் தொடங்கியது. செயலியை அதற்குக் குறித்த வேகத்திற்கு மேல் ஓடச்செய்யும் ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்கள், மகிழுந்தின் உட்புறச் சூடேற்றிக்குரிய ரேடியேட்டர்களையும் மீன்தொட்டி எக்கிகளையும் கொண்டு முதற்சுற்றுகளை அமைத்தனர். குளிர்த்தகடுகளைச் சிலர் தாமே கடைந்து கொண்டனர். அக்காலத்தில் தனியமைப்புச் சுற்று என்ற பெயருக்கே தேவை இருக்கவில்லை. வேறு வகை பெரிதாக இல்லாததே காரணம். காலப்போக்கில் இதற்கென்றே உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு நிறுவனங்கள் தோன்றின. கட்டட வெந்நீர்ச் சுற்றோட்டம் போன்ற பணிகளுக்கு எக்கிகள் செய்துவந்த லாயிங் நிறுவனத்தின் டி5, டிடிசி ஆகிய இரு எக்கிகள், பல வணிகப் பெயர்களில் இன்றளவும் தனியமைப்புச் சுற்றுகளின் அடித்தளமாக உள்ளன.

ஆப்பிள் நிறுவனம் 2004இல் வெளியிட்ட 2.5 கிகாஏர்ட்சு பவர் மாக் ஜி5 கணினி, ஆலையிலேயே நீர்மக் குளிர்விப்புப் பொருத்தி விற்கப்பட்ட முதன்மையான தனியாள் கணினிகளுள் ஒன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வகைக் கணினிகளில் நீர்மம் கசிந்து தாய்ப்பலகையும் மின்வழங்கியும் பழுதடைந்த நிகழ்வுகள் பலவாறாகப் பதிவாயின. மூடிய தொகுதி என்பதாலேயே அது கசியாது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது முன்னோடியான சான்று.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆசெட்டெக் நிறுவனம், எக்கியையும் குளிர்த்தகட்டையும் ஒரே உறையில் இணைத்த வடிவமைப்பை உருவாக்கியது. அந்நிறுவனம் தயாரித்து, கோர்சேர் நிறுவனம் 2009இல் எச்50 என்ற பெயரில் விற்ற தொகுதி, ஆயத்த வகையைப் பொதுப் பயனரிடம் கொண்டு சேர்த்தது. இவ்வடிவமைப்பின் மீதான காப்புரிமை சந்தையின் போக்கையே மாற்றியது. ஆசெட்டெக் தொடுத்த வழக்கில், கூலர் மாஸ்டர் தொகுதிகளை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்துக்கு எதிராக 2014 திசம்பரில் கலிபோர்னியாவில் சூரர் குழு தீர்ப்பளித்தது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஸ்விஃப்டெக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட எச்220 தொகுதி அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக் கொள்ளப்பட்டு, அடுத்த ஆண்டில் எக்கியை ரேடியேட்டர்ப் பக்கம் மாற்றிய எச்220-எக்ஸ் என்ற வடிவில் திரும்பியது. சில ஆயத்தத் தொகுதிகளில் எக்கி குழாயின் நடுவிலோ ரேடியேட்டரிலோ இருப்பதைக் காண்போர், அதனைப் பொறியியல் விருப்பம் என்று மட்டும் கருத வேண்டியதில்லை. சட்டமும் அதற்கு ஒரு காரணம்.

ஆயத்தத் தொகுதி

ஆயத்தத் தொகுதியின் முதற்சிறப்பு எளிமை. திருகாணிகளை முடுக்கி, விசிறிகளுக்கும் எக்கிக்கும் மின்னிணைப்புக் கொடுத்தால் பணி முடிந்தது. அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். நிறுவனங்கள் பலவும் ஐந்து அல்லது ஆறு ஆண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. செயலியைச் சுற்றியுள்ள இடம் திறந்திருப்பதால் நினைவகப் பட்டைகளைப் பொருத்தவும் கழற்றவும் தடையில்லை. கனமான காற்றுக் குளிர்விப்பி தாய்ப்பலகையைக் கீழிழுக்கும் சிக்கலும் இல்லை.

இதன் எல்லைகள் மூன்று. ஒன்று, இது பெரும்பாலும் செயலியை மட்டுமே குளிர்விக்கிறது. ஏஎம்டியின் ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 (2014), ஆர்9 ஃபியூரி எக்ஸ் (2015) போன்று ஆயத்தத் தொகுதியுடனேயே விற்கப்பட்ட வரைகலை அட்டைகள் உண்டெனினும் அவை விதிவிலக்குகள். இரண்டு, இதற்கு முடிவான ஆயுட்காலம் உண்டு. ரப்பர்க் குழாய்களின் சுவர்களினூடே நீர் மிக மெதுவாக ஆவியாக ஊடுருவி வெளியேறுகிறது. பெரும்பாலான தொகுதிகளில் மீண்டும் நிரப்பும் வழி இல்லை. நீர்மம் குறையக் குறையக் காற்று சேர்ந்து எக்கி ஒலியெழுப்பும்; பின்னர் ஓட்டம் தளரும். மூன்று, எக்கி நின்றுவிட்டால் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். இருபது ரூபாய்ப் பொருள் கெட்டாலும் திறந்து பழுதுபார்க்க இயலாத இன்றைய பல கருவிகளின் வரிசையில் இதுவும் ஒன்று.

பொருத்தும் நிலையும் ஆயுளைப் பாதிக்கும். உள்ளிருக்கும் சிறிதளவு காற்று எப்போதும் மேலேறி நிற்கும் என்பதால், ரேடியேட்டரின் மேல்முனை எக்கியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்கூரையில் பொருத்துவது இதற்கு மிகவும் ஏற்றது. பெட்டியின் அடியில் ரேடியேட்டரையும் அதற்கு மேலே எக்கியையும் அமைத்தால் காற்று எக்கியில் தேங்கி, இரைச்சலும் தேய்மானமும் உண்டாகும். இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. காற்றுக் குளிர்விப்பியை நீக்கும்போது, அது செயலிக்கு அருகிலிருந்த மின்னழுத்தச் சீராக்கிகளுக்கும் அளித்துவந்த காற்றோட்டம் நின்றுவிடுகிறது. ஆர்க்டிக் நிறுவனம் தன் தொகுதியின் எக்கியுறையில் ஒரு சிறு விசிறியைச் சேர்த்தது இக்குறையை நீக்கவே.

தனியமைப்புச் சுற்று

இதன் அடிப்படைப் பகுதிகள் குளிர்த்தகடுகள், எக்கி, தொட்டி, ரேடியேட்டர்கள், குழாய்கள், இணைப்பிகள், நீர்மம் என்பன. இணைப்பிகளின் திருகுமறை பெரும்பாலும் ஜி-கால் அங்குலம் என்ற ஒரே தரத்தில் அமைவதால், ஒரு நிறுவனத்தின் பகுதியை மற்றொன்றின் பகுதியுடன் தடையின்றி இணைக்கலாம். எக்கி பழுதானால் எக்கியை மட்டும் மாற்றலாம். பத்தாண்டுக்கு முன் வாங்கிய நல்ல ரேடியேட்டர் இன்றைய கணினியிலும் பயன்படும். ஆனால் வரைகலை அட்டைக்குரிய குளிர்த்தகடு ஒரு குறிப்பிட்ட மின்சுற்றுப் பலகைக்கென்றே கடைந்தெடுக்கப்படுகிறது. அட்டையை மாற்றும் நாளில் அத்தகடு பயனற்றுப் போகிறது. செலவைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் மறக்கும் இனம் இதுவே.

குழாய்கள் வளையும் வகை, வளையா வகை என இருவகைப்படும். வளையா வகையில் அக்கிரிலிக்கும் பெட்ஜி என்ற நெகிழியும் பயன்படுகின்றன. பெட்ஜி வளைக்க எளிது. ஆனால் குறைந்த வெப்பநிலையிலேயே இளகத் தொடங்கும். எக்கி நின்று நீர்மம் 60 பாகையைத் தாண்டிய சுற்றுகளில் பெட்ஜிக் குழாய் இணைப்பியிலிருந்து நழுவும் இடர் உண்டு. நேர்கோட்டில் வளைந்து நிற்கும் வளையாக் குழாய்கள் கண்ணுக்கு அழகானவை. குளிர்விப்புத் திறனில் அவற்றுக்கு எச்சிறப்பும் இல்லை. முதன்முறை அமைப்பவருக்கு வளையும் குழாயே ஏற்றது.

சுற்றில் உள்ள நீர்மத்தின் அளவும் பயனுடையது. ஒரு லிட்டர் நீர்மம் கொண்ட சுற்றில் 300 வாட் வெப்பம் சேர்ந்தால், ரேடியேட்டர் எதையும் வெளியேற்றாது என்று கொண்டாலும், ஒரு பாகை உயர 14 நொடிகள் ஆகும். எனவே செயலியின் வெப்பம் நொடிக்கு நொடி ஏறி இறங்கினாலும் நீர்மம் அசைந்து கொடுப்பதில்லை. விசிறிகளைச் செயலியின் வெப்பநிலைக்கு மாறாக நீர்மத்தின் வெப்பநிலையைக் கொண்டு இயக்கினால், அவை திடீரென்று உறுமாமல் அமைதியாகச் சுழலும். இரைச்சல் குறைவதே பலர் இவ்வகையை நாடக் காரணம். இதே காரணத்தால், எந்த நீர்க்குளிர்விப்பியையும் ஐந்து நிமிடம் சோதித்து மதிப்பிடலாகாது. வெப்பநிலை நிலைபெற இருபது, முப்பது நிமிடங்கள் தேவை.

உலோகங்களும் அரிப்பும்

செம்பும் அலுமினியமும் ஒரே நீர்மத்தில் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டிருக்கும்போது, அவை ஒரு மின்கலத்தைப் போலச் செயற்படும். அலுமினியத்தின் நியம மின்முனை அழுத்தம் ஏறத்தாழ −1.66 வோல்ட்; செம்பினுடையது +0.34 வோல்ட். இவ்வேறுபாட்டின் காரணமாக அலுமினியம் கரைந்து குழிவிழுகிறது. கரைந்தவை வெண்படிவாகக் குளிர்த்தகட்டின் நுண்பள்ளங்களில் அடைத்துக் கொள்கின்றன. எனவே தனியமைப்புச் சுற்றில் செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவற்றை மட்டுமே சேர்ப்பது மரபு. விலை குறைவென்று ஒரே ஓர் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பது முழுச் சுற்றையும் கெடுக்கும்.

வியப்பளிக்கும் செய்தி என்னவெனில், ஆயத்தத் தொகுதிகளிற் பெரும்பாலானவை அலுமினிய ரேடியேட்டரையும் செப்புத் தகட்டையும் சேர்த்தே கொண்டுள்ளன. அரிப்புத் தடுப்பிகளும் கிளைக்காலும் கலந்த நீர்மம் அதனுள் அடைக்கப்பட்டுள்ளது. புதிய ஆக்சிசன் எளிதில் உட்புகாத மூடிய சூழலில் அத்தடுப்பிகள் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. பழைய ஆயத்தத் தொகுதியைத் திறந்து வெறும் வடிநீரை நிரப்புவோர் இப்பாதுகாப்பை நீக்கிவிடுகின்றனர்.

தடுப்பி இருந்தும் தவறு நேர்ந்ததுண்டு. ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்குவிட் ஃபிரீசர் 2 தொகுதிகள் சிலவற்றில், அடைப்பு வளையத்தின் ரப்பரில் எஞ்சியிருந்த கந்தகம் செப்புத் தகட்டை அரிக்கக்கூடும் என 2022இல் கண்டறியப்பட்டது. அந்நிறுவனமே அதனை வெளிப்படையாக அறிவித்து, மாற்று வளையம் அடங்கிய பழுதுநீக்கத் தொகுப்பை இலவசமாக வழங்கியது.

தனியமைப்புச் சுற்றில் இக்கவலைகள் அனைத்தும் பயனரின் பொறுப்பு. புதிய ரேடியேட்டரினுள் பற்றவைப்பின்போது எஞ்சிய பொருள்களைப் பலமுறை கழுவி அகற்ற வேண்டும். குழாய்நீரைப் பயன்படுத்தலாகாது. உயிர்க்கொல்லியும் அரிப்புத் தடுப்பியும் கலந்த நீர்மத்தையே நிரப்பி, ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பால் போன்ற நிறமுடைய நீர்மங்கள் நிழற்படத்தில் அழகாகத் தோன்றும். அவற்றிலுள்ள நுண்துகள்கள் நாளடைவில் நுண்பள்ளங்களில் படிந்துவிடும். மென்மையான பிவிசி குழாய்களிலிருந்து வெளியேறும் மென்மையாக்கியும் இவ்வாறே படியும்.

கசிவும் சோதனையும்

வடிநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் சுற்றினுள் சில நாள் ஓடிய நீர் உலோக அயனிகளைச் சேர்த்துக் கொள்கிறது. பலகையின் மேலுள்ள தூசியும் அதில் கரைகிறது. ஆகையால் "மின்கடத்தா நீர்மம்" என்ற விளம்பரத்தை நம்பி, இயங்கும் கணினியில் முதன்முறையாக நீர்மம் நிரப்பலாகாது.

சுற்றை அமைத்தபின், நீர்மம் நிரப்புமுன் சிறு கைப்பம்பினால் ஏறத்தாழ அரை பார் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தமானி இறங்குகிறதா என்று நோக்குவது இன்று பரவலான முறை. அக்கருவி இல்லாதோர், தாய்ப்பலகைக்கும் வரைகலை அட்டைக்கும் மின்சாரம் செல்லாதவாறு செய்து, எக்கியை மட்டும் பல மணி நேரம் ஓடவிடுவர். ஒவ்வோர் இணைப்பிக்கடியிலும் வெள்ளைக் காகிதத் துண்டு வைத்தால் ஒரு துளி கசிவும் தெரிந்துவிடும். எக்கியை நீரின்றி ஓட்டுவது அதன் தாங்கியைக் கெடுக்கும் என்பதால், தொட்டி நிரம்பிய பின்னரே அதனை இயக்க வேண்டும்.

தெரிவு

மேற்கண்ட செயலியையும் வரைகலை அட்டையையும் கொண்ட ஒரு கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரண்டும் முழுச்சுமையில் 680 வாட் வெப்பம் தரும். இரண்டையும் ஒரே சுற்றில் அமைக்க, தோராயக் கணக்கின்படி ஆறு அல்லது ஏழு 120 மிமீ பகுதிகள் தேவை. அதாவது இரண்டு 360 மிமீ ரேடியேட்டர்கள். இவற்றை ஏற்கும் பெட்டியும் பெரிதாக இருக்க வேண்டும். இதற்கு மாறாக, செயலிக்கு மட்டும் 360 மிமீ ஆயத்தத் தொகுதியைப் பொருத்தி, வரைகலை அட்டையை அதன் சொந்த விசிறிகளுக்கு விட்டுவிட்டால், கணினி அதே பணிகளை ஏறத்தாழ அதே வேகத்தில் செய்யும். இழப்பது அமைதியும், வரைகலை அட்டையின் பதினைந்து இருபது பாகைகளும்.

செலவில் உள்ள இடைவெளி பெரிது. 360 மிமீ ஆயத்தத் தொகுதிகள் பெரும்பாலும் 100 முதல் 200 அமெரிக்க டாலர் வரையில் விற்கப்படுகின்றன. மேற்சொன்ன இரட்டை ரேடியேட்டர்ச் சுற்று அதனைப்போல் நான்கைந்து மடங்கு செலவு வைக்கும். இணைப்பிகள் தனித்தனியே சிறு விலையினவாகத் தோன்றினாலும், இருபது இணைப்பிகள் சேரும்போது ஒரு குளிர்த்தகட்டின் விலையை எட்டிவிடும். அப்பணத்தை உயர்வகை வரைகலை அட்டைக்குச் செலவிட்டால் கிடைக்கும் வேகம், நீர்ச்சுற்றினால் கிடைக்கும் வேகத்தைவிட மிகுதி. வேகம் மட்டுமே வேண்டுவோர்க்குத் தனியமைப்புச் சுற்று ஒருபோதும் முதற்செலவாக இருத்தலாகாது.

செயலி 150 வாட்டுக்குள் இயங்குவதாயின் இரண்டுமே தேவையில்லாமல் போகலாம். 2014இல் வெளிவந்த நோக்துவா என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிர்விப்பிகள் பல 240 மிமீ ஆயத்தத் தொகுதிகளுக்கு ஈடுகொடுக்கின்றன. அவற்றில் எக்கியும் இல்லை, நீரும் இல்லை. விசிறி ஒன்றே கெடக்கூடிய பகுதி. படிப்புக்கும் அலுவலுக்கும் பயன்படும் கணினிகளில் நீர்க்குளிர்விப்பை நாடுவதற்குத் தோற்றத்தைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது.

வீட்டை அடிக்கடி மாற்றுவோர், கணினியைத் தூக்கிச் செல்வோர், ஆண்டுக்கொருமுறை ஒரு நாளைப் பராமரிப்புக்கு ஒதுக்க விரும்பாதோர், கணினி ஒரு நாள் நின்றாலும் தொழில் தடைப்படுவோர் ஆகியோருக்குத் தனியமைப்புச் சுற்று பொருந்தாது. மாறாக, ஒரே அறையில் நெடுநேரம் முழுச்சுமையில் இயங்கும் இரண்டு வரைகலை அட்டைகளைக் கொண்டு முப்பரிமாணப் படங்களை உருவாக்குவோர், ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினி வைத்திருப்போர் ஆகியோருக்கு அதன் அமைதி செலவுக்குத் தகும். ஆனால் அவர்களுடைய அறையின் வெப்பம் அதனால் குறையாது. 680 வாட் கணினி எம்முறையில் குளிர்விக்கப்பட்டாலும், அறைக்குள் 680 வாட் சூடேற்றியாகவே இருக்கும்.

இடைநிலை வகைகள்

இரண்டுக்கும் இடைப்பட்ட தொகுதிகளும் உள்ளன. செருமனியின் ஆல்ஃபாகூல் நிறுவனம் ஐஸ்பேர் என்ற பெயரில் விற்கும் தொகுதி, ஆலையிலேயே நிரப்பப்பட்டு வந்தாலும், செப்பு ரேடியேட்டரும் ஜி-கால் அங்குல இணைப்பிகளும் நிரப்புதுளையும் கொண்டது. நீர்மம் குறைந்தால் நிரப்பலாம். பின்னாளில் மற்றொரு ரேடியேட்டரையோ வரைகலைக் குளிர்த்தகட்டையோ சேர்க்கலாம். எனினும் இதன் எக்கி டி5 வகையைப் போன்று வலுவானது அன்று என்பதால், பகுதிகள் கூடக்கூட ஓட்டம் தளரும். ஆயத்தத் தொகுதியில் தொடங்கி மெல்ல மெல்லச் சுற்றை விரிவாக்க எண்ணுவோர், வாங்கும்போதே ரேடியேட்டர் செம்பா அலுமினியமா என்பதைப் பெட்டியிலுள்ள விவரத்தில் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. அலுமினியம் எனில் அத்தொகுதியைப் பின்னர் செப்புப் பகுதிகளுடன் விரிவாக்க இயலாது.